ஞாயிற்றுக்கிழமை நடவு

இளஞ்செழியன் கீழத்தெருவுக்குள் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்து, செவ்வந்தி வீட்டு வாசலில் நிறுத்தி, அவள் எடுத்துப்போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் போட்ட டீயையும் குடித்துவிட்டுப் போனான். வந்த காரியத்தைச் சுருக்கமாகத்தான் சொன்னான். ஆனாலும் அவன் போய் வெகுநேரம் கழித்தும் செவ்வந்திக்கு என்ன நடந்தது என்று பிடிபடவில்லை.

துபாயில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன் இளஞ்செழியன். ஊரில் இன்னமும் மிராசு வீடு என்றே சொல்லப்படும் வீட்டுக்கு ஒரே மகன். வந்ததும் வீட்டை ஒட்டிய பழைய நெல் கிடங்கைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, 'வயல் பள்ளி' என்று போர்டு மாட்டினான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே வகுப்பு நடந்தது. கூடை முடைய, வைக்கோல் பிரி திரிக்க, வரப்பு வெட்ட என்று ஒவ்வொன்றுக்கும் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்க வைத்தான். யார் வேண்டுமானாலும் வரலாம். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் காரில் ஆட்கள் வந்தார்கள். திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தவர்களும் உண்டு. அடுத்து சம்பா நடவு. கை நடவு சொல்லிக்கொடுக்கச் செவ்வந்தி வரவேண்டும் என்று கேட்கத்தான் அவன் வந்திருந்தான்.

"நீங்கதான் வரணும்க்கா. கேட்ட எடத்துலல்லாம் உங்க பேரத்தான் சொன்னாங்க," என்றான்.

அந்த அக்காவில்தான் அவள் தடுக்கி விழுந்தாள். அவளுடைய அம்மா அந்த வீட்டு வயல்களில் நட்டு, களையெடுத்து, கொல்லை வாசலில் நின்று கூலி வாங்கியவள். இவனுடைய அப்பா கீழத்தெருவுக்குள் வந்ததே கிடையாது. ஆள் வேண்டுமென்றால் யாரையாவது அனுப்பிக் கூப்பிடுவார். அவர் மகன் அக்கா என்கிறான். பதிலுக்குத் தம்பி என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. ஐயா என்று சொல்ல மனசு வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடவா முடியும்? எப்படியும் கூப்பிடாமலே, "சரிங்க, பாக்குறேங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

புருஷன் வீரையனைக் கேட்டபோது, மரியாதையாக வந்து கேட்கிறார்கள், போய்விட்டு வா என்றான். பொண்டாட்டியை ஒருத்தன் டீச்சராக இருக்கக் கூப்பிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை. மகள் செம்மொழிதான் பிடித்துக்கொண்டாள். அவள் தஞ்சாவூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். சாயங்காலமானால் போன் செய்வாள்.

"அந்தச் சேத்துலேருந்து வெளில வரணும்னுதானம்மா என்னைப் படிக்க வச்ச. இப்ப நீயே அதுல எறங்கி நிப்ப, அவங்க போட்டோ எடுத்துப் போடுவாங்களா?"

நடப் போகவில்லை, சொல்லிக்கொடுக்கத்தான் போகிறேன் என்றாள் செவ்வந்தி. அது வேறே, இது வேறேயா என்று செம்மொழி கேட்டாள். செவ்வந்திக்குத் தெரியவில்லை. அவள் நடவை விட்டுச் சில வருஷங்களாகிவிட்டன. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்த அன்றைக்கு, இனிமேல் கால் காய்ந்து கிடக்கும் என்று அவள் சந்தோஷப்பட்டது உண்மை. அதற்குப் பிறகும் நட்ட வயலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கண் தானாகவே வரிசையைச் சரிபார்த்ததும் உண்மைதான். இதில் எது தன் ஆசை, எது பழக்கம் என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வாய்க்காலை ஒட்டிய வயலில் சேறு குழையச் சேடை ஓட்டி, பலகையால் பரம்படித்துச் சமமாக்கி, கண்ணாடி மாதிரி தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். வரப்பில் ஏழெட்டுப் பேர் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு நின்றார்கள். இளஞ்செழியனின் மனைவி வானதி எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். செவ்வந்தியை மேடம் என்றார்கள், டீச்சர் என்றார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். செவ்வந்தி திரும்பிப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

ஒரு குத்துக்கு எத்தனை நாற்று வைக்கவேண்டும் என்றார்கள். நாலைந்து என்றாள். போன வாரம் வந்தவர் இரண்டு போதும் என்றாரே என்றார்கள். அதுவும் சரிதான், நிலத்தைப் பொறுத்தது என்றாள். எவ்வளவு ஆழம் என்றார்கள். விரல் போகிற அளவு என்றாள். கேட்டவர்கள் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு காமிராவோடு வந்திருந்த ஒரு பெண், நடும்போது நீங்கள் பாடும் பாட்டை ஒரு தடவை பாடிக் காட்டுங்கள் என்று கேட்டாள்.

செவ்வந்திக்குப் பாட்டு எதுவும் தெரியாது. அவள் நட்ட காலத்தில் வரப்பில் போனை வைத்து சினிமாப் பாட்டு போட்டார்கள். மீதி நேரம் முந்தின நாள் சீரியலைப் பேசினார்கள், யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்று பேசினார்கள். அதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. செவ்வந்திக்கு ஏதோ பரீட்சையில் தோற்ற மாதிரி இருந்தது. தன் அம்மா பாடியிருப்பாளோ, தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று குழம்பிக்கொண்டே வயலில் இறங்கினாள்.

இறங்கிய பிறகு பரவாயில்லை. இடது கையில் நாற்று முடி, வலது கை விரலால் பிரித்து எடுப்பது, ஊன்றுவது, பின்னால் ஒரு அடி. கை மறந்திருக்கவில்லை. அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்து அவர்களும் செய்தார்கள். ஒருவர் உட்கார்ந்தவாக்கில் சேற்றில் விழுந்து, எழத் தெரியாமல் சிரித்தார். நட்டதில் பாதி மிதந்தது. அவள் மிதந்ததைப் பொறுக்கி மறுபடி அவர்கள் கையிலேயே கொடுத்தாள். தான் சொல்வதை இத்தனை பேர் வாய் பிளந்து கேட்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்பதில்தான் மறுபடியும் குழப்பம்.

அவர்களில் ஆசியா என்ற பெண் மட்டும் அதிகம் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்து ஊரில் அவளுக்கு அப்பா வழியில் வந்த நிலம் கொஞ்சம் இருந்தது. பல வருஷமாகக் குத்தகைக்கு வைத்திருந்தவர் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். விற்றுவிடச் சொன்ன அண்ணன்மாரிடம், நானே பயிர் வைக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நடவு எப்படி இருக்கும் என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு உறைத்ததாம். போட்டோவுக்கு நிற்கும்போதும் அவள் வரப்பில் ஏறாமல் வயலிலேயே குனிந்துகொண்டிருந்தாள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் செவ்வந்தி போனாள். வகுப்புக்கு ஏற்றபடி இளஞ்செழியன் வாரத்துக்கு ஒரு நாற்றங்காலாக முன்னதாகவே விதைத்து வைத்திருந்தான். ஆட்கள் கூடினார்கள். கோணல்மாணலாகத்தான் என்றாலும், ஒரு வயல் முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று வாய்க்கால் ஓரம் முழுக்கப் பச்சை ஏறிக்கொண்டு வந்தது.

இதற்கிடையில் தெருவில் ஏதோ சரியில்லாமல் போயிற்று. ரேஷன் கடையில் ரெத்தினம் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள். ரெத்தினம் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த அதே வருஷம்தான் செவ்வந்திக்கும் இதே தெருவில் கல்யாணமானது. ரெத்தினம் இரண்டு வயது மூத்தவள். மகளிர் குழுக் கூட்டத்துக்கும் ரெத்தினம் வரவில்லை. அவளோடு சேர்ந்த பெண்கள் வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், செவ்வந்தி பேச்சுக் கொடுத்தால் மட்டும் அளந்து பதில் சொன்னார்கள். டீச்சர் என்று கூப்பிடுவது அவர்களுக்குப் பொறாமையாக இருக்கிறதோ என்று செவ்வந்தி நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கமும் பட்டாள். ரெத்தினம் அப்படிப்பட்டவள் இல்லையே. கடைசியில் ஒருநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் அவளை நிறுத்தி, என்மேல் என்ன கோபம் என்று நேராகக் கேட்டுவிட்டாள்.

ரெத்தினம் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"நாத்து முத்துதே, இன்னும் கூப்புடலியேன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். நீ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நட்டு முடிச்சிட்ட."

"நான் நடலக்கா. சொல்லித்தான் குடுத்தேன்."

"வயலு நட்டாச்சா இல்லியா?"

ரெத்தினம் குடத்தை மறுபடி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஊரில் பெரும்பாலான நிலங்களுக்கு இப்போது நடவு மெஷின் வந்துவிட்டது. மெஷின் இல்லாத இடத்தில் மேற்கு வங்காளத்திலிருந்து வரும் ஆட்கள் கூட்டமாக இறங்கி, பேசிய கூலிக்கு நட்டு முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். மிராசு வீட்டு வாய்க்கால் ஓர வயல்கள் மட்டும் கால் புதையும் நிலம். மெஷின் இறங்கினால் ஏறாது. அதை மட்டும் வருஷா வருஷம் ரெத்தினம் கூட்டிப்போகிற ஆட்கள்தான் நட்டார்கள். அவர்களுக்கு மிச்சமிருந்த நடவு அது ஒன்றுதான். செவ்வந்தி பள்ளிக்கூட அடுப்படிக்குப் போனதிலிருந்து யார் எந்த வயலில் நடுகிறார்கள் என்ற கணக்கே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. வகுப்புக்கு ஒரு மூலையைக் கொடுத்துவிட்டு மற்றதற்கெல்லாம் ரெத்தினத்தைத்தான் கூப்பிடுவார்கள் என்று, யாரும் சொல்லாமலே, அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று வேலை முடிந்ததும் நேராக வாய்க்கால் ஓரம் போய் நின்றாள். இத்தனை நாளும் இதே வரப்பில்தான் நின்றிருக்கிறாள். யார் முதுகு வளையவில்லை, யார் நாற்றைக் கசக்குகிறார்கள் என்று ஆட்களைப் பார்த்தாளே தவிர, வயலைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். நடுவே நடுவே வழுக்கை விழுந்திருந்தது. வரிசை பாம்பு போலப் போனது. இருந்தாலும் நட்ட வயல்தான். நடவு முடிந்த வயல்.

கிடங்கில் இளஞ்செழியனும் வானதியும் முடைந்த கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி விஷயத்தைச் சொன்னாள். கோபமாகச் சொல்ல வேண்டுமென்று நினைத்துத்தான் போனாள். வாயைத் திறந்தபோது கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. இளஞ்செழியன் கூடையைக் கையில் வைத்தபடியே நின்றான். போன வருஷம் ஆள் கிடைக்காமல் தான் அலைந்ததைச் சொன்னான். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு நடவில் இஷ்டமில்லை என்று பலரும் சொன்னதாகச் சொன்னான். அவர்களுக்கும் சிரமம் மிச்சம்தானே என்று நினைத்ததாகவும் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை என்று செவ்வந்திக்குத் தெரிந்தது. அதனால் இன்னும் சங்கடமாக இருந்தது.

"இந்த வேல யாருக்கும் தெரியாமப் போயிடக் கூடாதுன்னுதானக்கா இவ்வளவும் செய்யிறேன்," என்றான்.

"தெரியாதவங்க வந்து கத்துக்கிட்டாங்க, சரி. தெரிஞ்சவங்க வீட்ல உக்காந்திருக்காங்களே தம்பி."

தம்பி என்று சொன்னதை அவள் சொன்ன பிறகுதான் கவனித்தாள். அவன் கவனித்தானா என்று தெரியவில்லை. வானதிதான் பேசினாள். ரெத்தினத்தையும் வகுப்பெடுக்கக் கூப்பிட்டால் என்ன, இரண்டு பேருமாகச் சொல்லிக்கொடுக்கட்டுமே என்றாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. செவ்வந்தி போய் ரெத்தினத்திடம் சொன்னாள்.

"சொல்லிக்குடுக்கல்லாம் எனக்கு வராது," என்றாள் ரெத்தினம். "நடவுக்குக் கூப்புடச் சொல்லு, வரேன்."

ஆனால் நடுவதற்கு அங்கே என்ன இருந்தது? மிஞ்சியது ஒரே ஒரு துண்டு வயல். அதுவும் வருகிற ஞாயிறு வகுப்புக்கு.

போவதா வேண்டாமா என்று செவ்வந்தி தடுமாறினாள். போகச் சொன்ன வீரையன் இப்போது போகாதே என்றான். தெருவை விரோதித்துக்கொண்டு என்ன டீச்சர் வேலை என்றான். போகாதே என்ற செம்மொழியோ, போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீ ஏன் விடவேண்டும் என்றாள். உனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பதில் என்ன தப்பு, நடவுக்கு ஆள் கூப்பிடாதது அவர்கள் தப்பு என்றாள். இரண்டு பேரும் இப்படி இடம் மாறி நின்றதில், அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்துச் சாம்பாரில் உப்புப் போட மறந்தாள்.

அந்த நேரத்தில்தான் ஆசியா வீடு தேடி வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, உழுது பரம்படித்துத் தயாராகக் கிடக்கிறது. நாற்று வளர்ந்துவிட்டது, இந்த வாரம் விட்டால் முற்றிவிடும். மெஷின்காரர் வருகிறேன் வருகிறேன் என்று இழுக்கிறார். வங்காளத்து ஆட்கள் தீபாவளிவரை வேறே ஊர்களுக்குப் பேசிவிட்டார்கள்.

"நான் கத்துக்கிட்டத வச்சு நானே நட்டுட முடியுமா டீச்சர்?"

செவ்வந்தி யோசிக்காமல் உண்மையைச் சொன்னாள். நட முடியும், ஆனால் அவள் ஒருத்தியாக நட்டு முடிப்பதற்குள் முதலில் நட்டது கதிர் விட்டுவிடும். ஆசியாவின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும், அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நாலு வீடு தள்ளிப் போய் ரெத்தினத்தைக் கூப்பிட்டாள். பக்கத்து ஊரில் நடவு இருக்கிறது, கூலிக்குத்தான், ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்களோடு வர முடியுமா என்றாள். அந்தப் பெண்ணும் கூடவே நிற்கும், இன்னும் சிலர் கற்றுக்கொள்ள வந்தாலும் வருவார்கள் என்றாள்.

ரெத்தினம் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. கற்றுக்குட்டிகள் வரிசைக்கு நடுவில் நின்றால் மற்றவர்களுக்கு வேகம் கெடும் என்றாள். ஓரத்தில் விட்டுக்கொள் என்றாள் செவ்வந்தி. நாம் எல்லாரும் ஓரத்தில் நின்றுதானே ஆரம்பித்தோம், யார் நமக்கு வகுப்பெடுத்தார்கள் என்றாள். இது வாதமா, கெஞ்சலா என்று அவளுக்கே தெரியவில்லை. ரெத்தினம் வெளியே வந்து, செவ்வந்தி வீட்டு வாசலில் நின்ற ஆசியாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேலைய நேரத்தோட ஆரம்பிக்கணும்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு," என்றாள்.

இந்த வார வகுப்பு ஆசியா வயலில்தான், வருகிறவர்கள் அங்கே வரட்டும் என்று இளஞ்செழியனுக்குச் செவ்வந்தி போனில் சொன்னாள். சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், பார்க்கிறேன்க்கா என்று அவன் வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வயலில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே வரிசையாக இறங்கினார்கள். வீரையனும் இன்னொருவரும் நாற்றுப் பறித்துப் போட்டார்கள். வகுப்பிலிருந்து நாலு பேர்தான் வந்தார்கள். காமிராப் பெண் வரவில்லை. ஆசியா ஓரத்தில் நின்று நட்டாள். வரிசை பின்னால் போகப் போக அவள் மட்டும் முன்னால் தங்கிப்போனாள். ரெத்தினம் நிமிராமலே, நாற்றை இப்படிக் கசக்காதே, குனிந்தால் குனிந்தபடி இரு, நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தால் இடுப்புத்தான் போகும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுக்க வராது என்றவளின் வாய் ஓயவில்லை. செவ்வந்தி எங்கே நிற்பது என்று புரியாமல் கொஞ்ச நேரம் வரப்பில் நின்றாள். பிறகு ஆசியாவுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் இறங்கி நட ஆரம்பித்தாள்.

வெயில் ஏறிய பிறகு இளஞ்செழியன் வந்தான். வரப்பில் நின்று பார்த்தான். அவனைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. ரெத்தினம்கூட வாயை மூடிக்கொண்டாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, யாரையும் கேட்காமல் ஓரத்தில் போய் நின்று ஒரு நாற்று முடியைப் பிரித்தான். வரிசை கொஞ்ச தூரம் பின்னால் நகர்ந்தது. கடைசியில் ரெத்தினத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

"முன்னால வராதீங்க. நட்டத மிதிக்கிறீங்க," என்றாள்.

அவன் பின்னால் போனான். அதற்குப் பிறகு பேச்சு மறுபடி தொடங்கிற்று, முதலில் மெதுவாக. சாயங்காலத்துக்குள் இரண்டு மாவும் முடிந்தது. வகுப்பிலிருந்து வந்தவர்களில் இரண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டார்கள். ஆசியா கடைசிவரை நின்றாள். வரப்பில் ஏறியபோது அவளால் நிமிர முடியவில்லை. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் வயலைப் பார்த்தபடி நின்றாள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மிராசு வீட்டில் மிஞ்சிய துண்டு வயலை நடவும், மற்ற வயல்களில் வழுக்கை விழுந்த இடங்களில் நாற்று ஊன்றவும் இளஞ்செழியன் ரெத்தினத்தின் ஆட்களைக் கூப்பிட்டான். அது இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான். அந்த வருஷம் போன நடவு போனதுதான். ரெத்தினம் செவ்வந்தியோடு பேச ஆரம்பித்தாள். பேச்சுக்கு நடுவே டீச்சர் என்று ஒரு குத்தல் வந்துகொண்டேயிருந்தது. வயல் பள்ளிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அது தன்னாலா என்று செவ்வந்தி கவலைப்பட்டாள். குறைந்தது நல்லதுதானோ என்றும் நினைத்தாள்.

ஐப்பசியில், குறுவை அறுத்த வயல்களில் தாளடி நடவு நெருங்கும் சமயம், வானதி தானே நடந்து கீழத்தெருவுக்கு வந்து ரெத்தினத்தின் வீட்டுக்குப் போனாள். இரண்டு வயல் நடவு இருக்கிறது, கூலிக்கு வரவேண்டும், கற்றுக்கொள்ள நாலைந்து பேர் வருவார்கள், அவர்களை ஓரத்தில் விட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் போனதும் ரெத்தினம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே செவ்வந்தி வீட்டுக்கு வந்தாள்.

"என்னடி சொல்றது இவங்களுக்கு?"

"உனக்கு என்னக்கா தோணுது?"

"கூலி குடுக்கிறோங்கறாங்க. கத்துக்கணுங்கறாங்க. நாம வேலக்காரங்களா, வாத்தியாருங்களா? எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்கும்தான்," என்றாள் செவ்வந்தி.

இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து வரக்கூடிய ஆட்களை விரல்விட்டு எண்ணினார்கள். பிறகு ரெத்தினம் எழுந்து சேலையை உதறினாள்.

"வரோம்னு சொல்லு. ஆனா மத்தியானத்தோட எந்திரிச்சுப் போறவங்கள அனுப்ப வேண்டாம்னு சொல்லிடு. எறங்குனா சாயங்காலம்வர நிக்கணும்."

செவ்வந்தி செருப்பை மாட்டிக்கொண்டு அதைச் சொல்லக் கிளம்பினாள்.